பின்னச்சைப் பக்கம் நழுவாது காக்கும் தண்டு

1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியை இலங்கைத் தெருக்களில் இன்றும் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வண்டியின் பின்புறம், பழைய வில்வண்டியின் மரபையே பின்பற்றியது. இரு பின்சில்லுகளுக்கும் பொதுவாக ஓர் அச்சு. அதன் இருபுறமும் நெடுகக் கிடக்கும் தகட்டு வில்கள்.

இவ்வில்களுக்கு வேலைகள் பல. மேடுபள்ளங்களுக்கு இசைந்து வளைய வேண்டும். அச்சு இடமோ வலமோ நழுவாது பிடிக்கவும் வேண்டும். முதல் வேலைக்கென ஆக்கப்பட்ட வில், இரண்டாவதை அரைமனத்துடனேயே செய்கின்றது எனலாம். வில்லின் முனைகளிலுள்ள றப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டால், வளைவில் வண்டியின் பின்புறம் தனிவழி நாடுவதைச் சாரதி உணர்வார்.

இதனைத் தடுப்பதே பனார் தண்டு. பிரான்சு நாட்டு மோட்டார் நிறுவனமொன்றின் பெயர் அதற்கு வழங்குகின்றது. ஒரு முனை அச்சின் ஒரு பக்கத்திலும், மறுமுனை எதிர்ப்பக்கத்தில் வண்டியின் உடலிலும் பூட்டப்படும். தேய்ந்த புஷ்களை மாற்றாது தண்டை மட்டும் பூட்டுவது நோயை விட்டு வலிக்கு மருந்திடுவதாகும்.

தண்டின் பயன் அது அமையும் இடத்தைப் பொறுத்தது. அச்சு மேலெழும்போது தண்டின் முனை நேர்கோட்டிற் செல்வதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியாகவே செல்லும். ஆகவே அச்சு சிறிது பக்கமாக இழுபடும். 1000 மில்லிமீற்றர் நீளமான தண்டு மட்டமாகக் கிடந்தால், அச்சு 75 மில்லிமீற்றர் எழுந்தாலும் தாழ்ந்தாலும் நழுவுவது ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே. தண்டின் நீளம் பாதியானால் நழுவல் இருமடங்காகும். தண்டின் ஒரு முனை மற்றதிலும் 100 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தாலோ, அதே அசைவு ஒரு திசையில் 10 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகவும் மறுதிசையில் 5 மில்லிமீற்றர் அளவிலும் அச்சை நகர்த்தும். அன்றியும், சரிந்த தண்டு ஒரு பக்கம் திரும்புகையில் உடலை உயர்த்தும். மறுபக்கம் திரும்புகையில் தாழ்த்தும். எனவே தண்டு இயன்றவரை நீளமாகவும், மட்டமாகவும், மேலிருந்து நோக்க அச்சுக்கு ஒப்பாகவும் இருத்தல் வேண்டும்.

மட்டம் பார்ப்பது எப்பொழுது? வண்டியின் உடலை ஜாக்கியில் உயர்த்தி, அச்சு தொங்கும் நிலையில் அளப்பது வீண். சில்லுகள் நிலத்தில் ஊன்றி, வழக்கமான பாரம் ஏறிய நிலையிலேயே அளக்க வேண்டும். புஷ்களின் ஆணிகளை இறுக்குவதும் அந்நிலையிலேதான். இரு பக்கமும் சில்லுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி ஒத்துவருமாறு தண்டின் நீளத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

உயரமும் கவனத்திற்குரியது. தண்டை மிக உயர்த்தினால் வளைவில் உடல் சாய்வது குறையும்; ஆனால் பாரம் வெளிச்சில்லுக்கு மிகுதியாக மாறுவதால் பின்புறம் எளிதில் வழுக்கும். வில்கள் உடலைப் பிடிக்கும் உயரத்துக்கு அண்மையில் தண்டும் இருப்பின், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கமாட்டா. எஞ்சிய சிறு முரண்பாட்டை றப்பர் புஷ்கள் ஏற்றுக்கொள்ளும். பந்தய வண்டிகளுக்குரிய உலோக மூட்டுகளுக்கு அந்த இளக்கம் இல்லை.

உயிருக்கு ஊறு நேரக்கூடிய இடம் உடற்பக்கத்துத் தாங்கி. பின்னச்சின் மேல் 350 கிலோ பாரம் இருப்பின், கடும் வளைவில் அதன் பாதியளவு விசை பக்கமாகத் தண்டில் வந்து விழலாம். மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, தகட்டுடலே சட்டகம். அதிலிருந்து நீளத் தொங்கும் தாங்கி நெம்புகோல் போல் தகட்டை வளைத்துக் கிழிக்கும். துருப்பிடித்த தகடாயின் சொல்லவே வேண்டியதில்லை. பழுதான தகட்டை முதலில் வெட்டி நீக்கிப் புதுத் தகடு பொருத்த வேண்டும். பின்னர், தாங்கியின் அடியிலிருந்து உடலின் எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்குத் தண்டொன்று கொடுத்து முக்கோணமாக்குதல் நலம். அச்சுப்பக்கத்திலோ, பற்றவைக்கும் சூட்டால் அச்சுக்குழாய் கோணக்கூடுமாதலின், கவ்வியால் இறுக்குவதே மேல்.

அச்சு முற்றாக எழுந்த நிலையிலும் தொங்கிய நிலையிலும் தண்டு டிபரன்ஷலையோ புகைக்குழாயையோ தொடாதிருப்பதைப் பார்த்த பின்னரே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவரலாம். சில நாள் ஓடிய பின் ஆணிகளை மீண்டும் இறுக்கி, தாங்கியைச் சுற்றிய வர்ணத்தில் வெடிப்பு உண்டா என விளக்கொளியிற் பார்த்தல் வேண்டும்.