கட்ச் பூமி குலுங்குவது ஏன்?

குஜராத் மாநிலம் கட்ச் ஜனங்களுக்கு பூகம்பம் புதுசு அல்ல.

1819-ல் குலுங்கியபோது, சுமார் 80 கிலோ மீட்டர் நீளத்துக்குத் தரையே அணை போல உயர்ந்து நின்றது. 1956-ல் அஞ்சார் நகரம் இடிந்தது. 2001 குடியரசு தினத்தன்று காலை 8.46 மணிக்கு மறுபடியும் அடி! 13 ஆயிரம் பேருக்கு மேல் பலி. அஞ்சாரில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது வீடுகள் சரிந்தன.

என்ன காரணம்?

இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் கட்ச் பூமிக்கு அடியில் உள்ள பழைய பாறைப் பிளவுகளில் சேருகிறது. தாங்காதபோது பாறை படாரென்று வழுக்குகிறது. 2001-ல் வழுக்கிய பிளவு தரைக்கு மேலே தெரியவே இல்லை!

அடுத்தது எப்போது? தேதி சொல்ல யாராலும் முடியாது. அன்று 200 கிலோ மீட்டருக்கு அப்பால் ஆமதாபாத்திலும் அடுக்கு மாடிகள் சரிந்தன. பலமாகக் கட்டியவை நின்றன. ஆளைக் கொல்வது பூமி அல்ல, அரைகுறைக் கட்டிடம்தான்!