பார்சலுக்குள் ஐந்து சென்டிமீட்டர்

ஆந்திராவின் விஜயபுரம், நகரி, புத்தூர் பக்கத்தில் இருப்பவர்கள் பலருக்கு ஒரு மதர்போர்டோ கிராபிக்ஸ் கார்டோ வேண்டுமென்றால், சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணையக் கடையிலிருந்தோ பார்சலில்தான் வருகிறது. பழுதானால் அதே வழியில் திரும்பிப் போகிறது. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து சரக்கு மொத்தமாக அடுக்கிக் கட்டப்பட்டு, இயந்திரத்தால் தூக்கி லாரியில் ஏற்றப்படும். தனியாள் அனுப்பும் ஒற்றைப் பெட்டி பல கை மாறும், மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும், மேசை உயரத்திலிருந்து விழவும் செய்யும். ‘உடையும் பொருள், கவனம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் இரவில் நூற்றுக்கணக்கான பார்சல்களைப் பிரிக்கிற தொழிலாளி ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. விழுந்த பொருள் மெல்ல நிற்பதற்குப் பெட்டிக்குள் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

கணக்கு எளிது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 2 மில்லிமீட்டருக்குள் சட்டென்று நின்றால், அது தாங்க வேண்டிய விசை சராசரியாகத் தன் எடையைப் போல் 500 மடங்கு. அதுவே மெத்தையில் 2.5 சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் 40 மடங்குதான். எந்த மெத்தையும் முழுக்க நசுங்காது. அதனால் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது வேண்டும். 40 மடங்கும் லேசானதல்ல. 1 கிலோ கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டில் செருகியபடியே போனால், அந்த ஒரு கணம் 40 கிலோ சுமை அந்தச் சிறிய ஸ்லாட்டை இழுக்கும். ஆகவே கார்டையும் பெரிய கூலரையும் கழற்றித் தனித்தனியாகக் கட்ட வேண்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1,700 மெல்லிய ஊசிகள் உண்டு. பிராசசர் இல்லாமல் போர்டை அனுப்பினால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கட்டாயம் மாட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடாதபோது சில நூறு மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்களே என்று கேட்கலாம். மெத்தை இல்லாமல் விழுந்தால் அந்த வரம்பையும் தாண்டிவிடும் என்பதைத்தான் மேலே உள்ள 500 காட்டுகிறது. கசக்கிய செய்தித்தாள் முதல் அடியிலேயே நசுங்கிப்போகும், இரண்டாவது அடிக்கு உதவாது. தெர்மோகோல் உருண்டைகளுக்குள் கனமான பொருள் மெல்ல இறங்கி அடியைத் தொட்டுவிடும். நுரைத் தகடோ பல சுற்று பபிள் ராப்போதான் நம்பத்தக்கது.

அந்த பபிள் ராப் பொருளை நேராகத் தொடக்கூடாது. சாதாரண பிளாஸ்டிக் உரசினால் நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே மனிதக் கைக்கு அது தெரியாது; சில சில்லுகளுக்கோ 100 வோல்ட்டே போதும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இதெல்லாம் வராது என்பவர்கள் ஏசி அறையை மறந்துவிடுகிறார்கள். நிலைமின்சாரம் தாக்கிய சில்லு உடனே சாக வேண்டும் என்றும் இல்லை. சில மாதம் ஓடிவிட்டு நிற்கலாம், அப்போது காரணம் யாருக்கும் பிடிபடாது. இதற்கென்று உள்ள உறைகளில் இளஞ்சிவப்பு உறை தானாக மின்னூட்டம் சேர்க்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வெள்ளி நிற உறை. அதன் வாயை மடித்து ஒட்டினால்தான் பயன். சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றாதீர்கள்: போர்டில் உள்ள நாணய பேட்டரி ஷார்ட் ஆகும்.

இதற்கெல்லாம் செலவு ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து எடை போடுகின்றன. 20, 20, 10 சென்டிமீட்டர் பெட்டி 0.8 கிலோ. எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் கூட்டினால் 30, 30, 20 ஆகி, 3.6 கிலோவுக்குக் கட்டணம் வரும். 200 ரூபாய் கேபிளுக்கு இது வீண்தான். பல ஆயிரம் ரூபாய் போர்டுக்கோ, திரும்பக் கிடைக்காத படங்கள் உள்ள டிஸ்க்குக்கோ அந்தக் கூடுதல் கட்டணம் சிறிய தொகை. கம்பெனிப் பெட்டியே போதும் என்று அப்படியே ஒட்டி அனுப்புவதும் சரியல்ல. அது பெரிய பெட்டிக்குள் அடுக்கி வருவதற்கென்று செய்தது.

எனவே வாங்குகிறவர் பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்: எந்த உறை, எத்தனை சென்டிமீட்டர் மெத்தை? அனுப்புகிறவர், டேப் ஒட்டுவதற்கு முன் பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.