துப்பாக்கி கைமாறும் இடம்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

மாடு வாங்குவோர் சந்தைக்குச் செல்வர். நிலம் வாங்குவோர் பத்திரப் பதிவு அலுவலகத்திற்குச் செல்வர். நூல் வேண்டும் நெசவாளர் சங்கக் கிடங்கிற்கு வருவர். எப்பொருளுக்கும் அது கைமாறுதற்கு உரிய இடம் ஒன்று உண்டு. அவ்வாறாயின், பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கியை மற்றொருவருக்கு விற்க விரும்பும் விவசாயி, அதனை எங்கு வைத்துக் கொடுக்க வேண்டும்? மலையடிவாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது இவ்வினா நம்மிடம் கேட்கப்படுவதுண்டு. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியவற்றைக் காட்டுப்பன்றி பாழாக்கும் துயரத்தை நம் அங்கத்தினர் நன்கு அறிவர். அதன் பொருட்டே பல குடும்பங்களில் நாட்டுத் துப்பாக்கியோ குழல் துப்பாக்கியோ இருந்து வருகிறது. முதுமையினாலோ, நிலத்தை விற்றுவிட்டமையாலோ, உரிமத்தைப் புதுப்பிக்கும் அலைச்சலினாலோ அதனைக் கைவிட எண்ணுவோர் உளர். பக்கத்து ஊரில் வாங்க விரும்புவோரும் கிடைக்கின்றனர். விலை வாய்ப்பேச்சில் முடிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது, எங்கே சந்திப்பது என்னும் ஒன்றுதான். இதனைச் சிறு விஷயமென்று பலர் கருதுகின்றனர். அது சிறு விஷயமன்று.

சட்டம் கூறுவது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஒருவர் தம் சொந்த உபயோகத்திற்காக முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, வியாபாரி உரிமம் இல்லாமலே, வைத்திருக்கத் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்க இடமளிக்கிறது. ஆயினும் 5ஆம் பிரிவு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர் விலாசத்தையும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்தல் ஒன்று. அவ்வாறு தெரிவித்த பின்னர் 45 நாட்களுக்குக் குறையாமல் காத்திருத்தல் மற்றொன்று.

இந்த 45 நாட்கள் வெறும் தாமதம் என்று எண்ணற்க. வாங்குபவர் இன்னார் என்பதை அதிகாரிகள் விசாரிப்பதற்கு உரிய காலம் அது. 21 வயது நிரம்பாதவருக்கும், சித்தசுவாதீனமற்றவர் என்று நாம் அறிந்தவருக்கும் துப்பாக்கியை விற்றல் கூடாதென்று 9ஆம் பிரிவு தடுக்கிறது. வாங்குபவரிடம் உரிமம் இருத்தல் மட்டும் போதாது. இத்தகைய துப்பாக்கியை வாங்குவதற்கு அவ்வுரிமம் இடமளிக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா, அது செல்லுபடியாகும் பிரதேசம் எது ஆகியவற்றை மூல உரிமத்தைக் கொண்டே பார்த்தல் வேண்டும். இந்நாளில் உரிமங்களுக்குத் தனி அடையாள எண் வழங்கப்பட்டுத் தேசியப் பதிவில் ஏறியுள்ளது. அவ்வெண்ணை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் காட்டிச் சரிபார்க்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் பொதுவாக இயலாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தண்டனையும் அத்திருத்தத்தால் கடுமையாகியுள்ளது. 5ஆம் பிரிவுக்கு மாறாகத் துப்பாக்கியை விற்பவர் 7 ஆண்டுகளுக்குக் குறையாத, ஆயுட்காலம் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனைக்கு ஆளாகலாம். சில ஆயிரம் ரூபாய்க்காக ஒரு குடியானவர் இவ்வளவு பெரிய அபாயத்தை ஏற்பது தகுமா?

தகாத இடங்கள்

விற்பவர் இருவகை அச்சத்தினால் மறைவான இடத்தை நாடுகிறார். ஊரார் பார்வை படலாகாது என்பது ஒன்று. வீண் பேச்சு எழலாகாது என்பது மற்றொன்று. ஆகவே தோட்டத்துப் பம்பு அறையையோ, ஊருக்கு வெளியேயுள்ள களத்தையோ, அந்தி நேரத்துச் சாலையோரத்தையோ தேர்ந்தெடுக்கிறார். திருடனுக்கு வேண்டுவதும் இத்தகைய இடமே. ஒருவர் கையில் துப்பாக்கி, மற்றவர் கையில் ரொக்கம், சாட்சி ஒருவருமில்லை என்னும் நிலையில், நேர்மையான இருவரும் அபாயத்தில் இருக்கின்றனர். இருவரில் ஒருவர் நேர்மையற்றவராயின் அபாயம் இன்னும் பெரிது. அந்தத் துப்பாக்கி பின்னர் ஏதேனும் குற்றத்தில் அகப்பட்டால், அதன் எண்ணைக் கொண்டு காவலர் முதலில் வந்து நிற்பது பழைய உடைமையாளரின் வாசலில்தான். அப்போது பம்பு அறை சாட்சி சொல்லாது.

வீட்டிற்கு வரவழைத்தலும் நன்றன்று. துப்பாக்கி வீட்டில் எங்கு வைக்கப்படுகிறது, வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் எது என்பனவற்றை அயலார் ஒருவர் அறிந்துகொள்வதற்கு அது வழியாகும்.

கூட்டம் மிகுந்த இடமே பாதுகாப்பு என்று கருதுவோரும் உளர். துப்பாக்கி விஷயத்தில் இதுவும் பிழையான கருத்தே. திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்விக்கூடத்தின் வளாகம் ஆகியவற்றிற்கு விசேஷ அனுமதியின்றித் துப்பாக்கியைக் கொண்டு செல்லலாகாது என்பது உரிமத்திலேயே அடங்கிய நிபந்தனை. ஆகவே சந்தைத் திடல், தேர்த் தெரு, பள்ளி மைதானம் ஆகியவற்றை அறவே விலக்குக. தேநீர்க் கடையும் பேருந்து நிலையமும் ஆயுதத்தை எடுத்துக் காட்டும் இடங்கள் அல்ல.

சங்கக் கட்டிடத்தைப் பற்றியும் ஒரு சொல். நமக்குப் பழக்கமான இடம், காரியதரிசியும் இருக்கிறார் என்று அங்கத்தினர் சங்க அலுவலகத்தை நாடுதல் இயல்பே. ஆயினும் பேரவைக் கூட்டமும் கொள்முதலும் நடைபெறும் அவ்விடம் பலர் கூடும் இடமாகும். உரிமமில்லாத காரியதரிசி துப்பாக்கியைத் தம் பொறுப்பில் வாங்கி வைத்தால், ஒரு நாளைக்கேயாயினும், அவரும் குற்றத்திற்கு ஆளாகலாம். உரக் கிடங்கிலோ நகைக்கடன் பெட்டகத்திலோ துப்பாக்கியை வைத்தலும், அதனைக் கடனுக்கு ஈடாக ஏற்றலும் எந்தச் சங்கமும் செய்யத் தகாதவை.

தக்க இடங்கள்

தக்க இடம் என்பது மறைவான இடமன்று. பதிவும் பொறுப்பும் உள்ள இடமாகும். நாம் கண்டவரையில் அத்தகைய இடங்கள் இரண்டு.

முதலாவது, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியின் கடை. அங்கு இருப்புப் பதிவேடு உண்டு. ஆயுதத்தைப் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு உண்டு. கருவியை அறிந்த கைத்தொழிலாளர் உண்டு. விற்பவர் ஒரு நாள் வந்து துப்பாக்கியை அங்கு ஒப்படைத்து ரசீது பெறலாம். காலக் கெடு முடிந்தபின் வாங்குபவர் தம் உரிமத்துடன் வந்து பெற்றுக்கொள்ளலாம். பணமும் துப்பாக்கியும் ஒரே நாளில் ஒரே வழியில் பயணம் செய்ய வேண்டியதில்லை. வியாபாரிக்கு உரிய கட்டணம் சிறிது செலவாகும். அது கணக்குப் புத்தகத்திற்கு நாம் கொடுக்கும் விலை என்று கொள்க. வியாபாரியிடமே விற்றுவிடுதல் இன்னும் எளிது.

இரண்டாவது, காவல் நிலையம். எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டிய இடமும் அதுவாகவே இருத்தலால், ஒப்படைப்பையும் அங்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே உள்ளே நுழைதல் கூடாது. முதலில் வெறுங்கையுடன் சென்று பொறுப்பு அதிகாரியைக் கண்டு, நாளும் நேரமும் கேட்டு அறிந்துகொள்க. அவர் இசையாவிடின் வியாபாரியிடம் செல்க.

பிற நாடுகளிலும் அனுபவம் இதுவே. துப்பாக்கி மிகுந்த அமெரிக்காவில், பழம்பொருள் வாங்குவோரும் விற்போரும் சந்திப்பதற்கென்று சில காவல் நிலையங்கள் தம் வாகன நிறுத்தத்தில் ஒரு மூலையை ஒதுக்கியுள்ளன. அங்குங்கூடத் துப்பாக்கிக்கு இடமில்லை என்று கூறும் நிலையங்கள் உண்டு. ஆதலின் முன்னரே கேட்டுச் செல்வது வழக்கம். இரு வேறு மாநிலத்தார் துப்பாக்கியை நேரடியாகக் கைமாற்றலாகாது, உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே மாற்ற வேண்டும் என்பது அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுச் சட்டம். கலிபோர்னியா 1991 முதலும், வாஷிங்டன் மாநிலம் 2014இல் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பின் வழியாகவும், தம் எல்லைக்குள் நடைபெறும் தனியார் விற்பனைக்கும் பொதுவாக அவ்விதியையே கொண்டுவந்தன. இருவர் நடுவே பொறுப்புள்ள மூன்றாமவர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

கொண்டு செல்லும் முறை

நேரம் பகலாக இருக்கட்டும். அலுவலக வேலை நாளாக இருக்கட்டும். உரிமம் உடையவர் தாமே செல்லுதல் வேண்டும். பழுது பார்க்கவும், உரிமம் புதுப்பிக்கவும், உரிமையாளரின் உபயோகத்திற்காகவும் மட்டுமே அவர் முன்னிலையிலோ அவருடைய எழுத்து மூல அதிகாரத்துடனோ பிறர் துப்பாக்கியைச் சுமந்து செல்லச் சட்டம் இடமளிக்கிறது. விற்பனைக்காக மகனிடமோ பண்ணையாளிடமோ கொடுத்தனுப்புதல் தகாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம், கூட்டம் சேர்க்கலாகாது.

துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டு செல்க. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அவ்வாறே பணிக்கின்றன. தோட்டாக்களைத் தனியே வைத்திடுக. மடிக்கும் குழல் துப்பாக்கியாயின், வீட்டிலிருந்து புறப்படும்போதும், கடையில் மேசைமீது வைக்கும்போதும் திறந்து பார்த்து வெறுமை காண்க. வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் இவ்வாறு திறந்து பார்க்க இயலாது. ஆண்டுகள் பல கழிந்தும் உள்ளே மருந்தும் ரவையும் இருந்து உயிரைக் குடித்துவிடக்கூடும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெடிக்கும் தொப்பியை அகற்றிவிட்டு, குழல்வாய் ஒருவர் முகத்தையும் நோக்காதபடி நிறுத்தி, சலாகையைக் குழலினுள் இறக்குக. குழல்வாயின் அளவில் சலாகையில் ஓர் அடையாளம் இடுக. பின் சலாகையை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க. அது குழலின் அடிவரை எட்டாமல் குறைந்து நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்பது பொருள். அதனைத் தாமே தோண்டி எடுக்க முயலாமல் வியாபாரியின் கைத்தொழிலாளரிடம் தெரிவித்து, அவர் யோசனைப்படி நடக்க.

வாங்குபவர், சுட்டுப் பார்த்தே வாங்குவேன் எனலாம். களத்திலும் தோப்பிலும் அதற்கு இசையாதீர். அசட்டையாகச் சுட்டு மற்றவர் பாதுகாப்பிற்குக் கேடு செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கருவியின் நிலையை வியாபாரியின் கைத்தொழிலாளரே கூறுவார். துப்பாக்கி உரிமம் வேறு, காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வேறு என்பதையும் வாங்குபவருக்கு எடுத்துரைத்தல் நன்று. பின்னது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது.

பணமும் பத்திரமும்

பணத்தை ரொக்கமாக அல்லாமல் கூட்டுறவு வங்கிக் கணக்கின் வழியாகவே பெறுக. தேதி, துப்பாக்கியின் வகையும் எண்ணும், இருவரின் உரிம எண்கள், தெரிவிப்புக் கடிதத்தின் தேதி, விலை ஆகியவற்றைக் கண்ட ரசீது இரு படிகளாக எழுதப்பட்டு இருவரிடமும் இருக்கட்டும். காவல் நிலையத்தில் கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் கையொப்பமும் பெற்று வைக்க. பிறகு விற்பவர் தம் உரிமத்திலிருந்து அவ்வாயுதத்தை நீக்கவும், வாங்கியவர் தம் உரிமத்தில் சேர்க்கவும் உரிம அலுவலகத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். இப்பதிவு முடியும்வரை விற்பனை முற்றுப்பெறவில்லை என்றே கருதுக.

உரிமம் உடையவர் காலஞ்சென்ற குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, ஆனால் உரிமம் உடையவர் இல்லை என்னும் நிலையில், தாமதமின்றி அதனைக் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழி செய்கிறது. ஒப்படைத்தபின் வாரிசுதாரர் அதனைத் தகுதியுள்ளவருக்கு விற்கவும் உரிமை உண்டு. காலஞ்சென்றவரின் மனைவி முதற்கண் செய்ய வேண்டியது, துப்பாக்கியைத் தொடாமல், நிலையத்திற்கு ஆளனுப்பித் தெரிவித்தலேயாகும். துக்கத்திலிருக்கும் வீட்டிற்கு விலை பேச வரும் அயலாரை நம்பி விற்றல் கூடாது.

கூட்டுறவு இயக்கம் நமக்குக் கற்பித்தது ஒன்று உண்டு. ஒரு கட்டு நூலாயினும், ஒரு மூட்டை உரமாயினும், கைமாறும் இடத்தில் பதிவேடு இருத்தல் வேண்டும். நம்பிக்கை இல்லாமையால் அன்று. நம்பிக்கை நிலைத்திருத்தற் பொருட்டே அவ்விதியை நாம் ஏற்றோம். நூலுக்கும் உரத்திற்கும் வேண்டிய இவ்வொழுங்கு, உயிரைப் பறிக்க வல்ல கருவிக்கு எத்துணை மடங்கு வேண்டும்! சந்திக்கும் இடத்தைப் பற்றி ஐயம் எழுந்தால், அங்கத்தினர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்க: நாளை ஓர் அதிகாரி வந்து, துப்பாக்கியை எங்கே, யார் முன்னிலையில் கொடுத்தீர் என்று வினவினால், தயங்காமல் விடை கூற இயலுமா? இயலுமாயின் அவ்விடம் தக்க இடம். இயலாதாயின், விலை எவ்வளவு நல்லதாயினும், துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமலே வீடு திரும்புக.