எலும்பு வலியும் கழுத்துச் சுரப்பியும்

வளரும் வயதில் பிள்ளைகளுக்குக் கால்வலி வருவது இயல்பே என்று பலர் கருதுகின்றனர். திட்டக்குடி, பெண்ணாடம் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பெற்றோர் சிலர், சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று தாமாகவே கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, வலி தீராத பிறகே எங்களை அணுகுகின்றனர். இத்தகைய வலிக்குப் பலரிடம் வைட்டமின் டி குறைவு காரணமாக இருக்கலாம். அரிதாகச் சிலரிடம் நிலைமை நேர்மாறானது: எலும்பில் கால்சியம் குறைந்திருக்கும், இரத்தத்தில் மிகுந்திருக்கும்.

தைராய்டு சுரப்பியின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. மனித உடலில் இவற்றை 1880இல் விவரித்தவர் ஸ்வீடன் நாட்டு இவார் சாண்ட்ஸ்ட்ரோம். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்வது இவற்றின் பணி. ஒரு சுரப்பியில் கட்டி தோன்றினால் ஹார்மோன் ஓயாமல் சுரக்கும். எலும்பு தன் சேமிப்பை இழந்துகொண்டே இருக்கும். இக்கட்டிகளில் புற்றுநோய் மிக அரிது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• நடக்கும்போது முழங்கால்கள் முட்டுதல். சிறு தடுக்கலிலும் எலும்பு முறிதல்
• தாடையில் வீக்கம்
• சிறுநீரகக் கல், மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்
• மலச்சிக்கல், வயிற்றுவலி, காரணமற்ற சோர்வு

தாடை வீக்கம் சில வேளைகளில் 'பழுப்புக் கட்டி'யாக இருக்கும். அது புற்றுநோயன்று, சுரப்பிக்குச் சிகிச்சை அளித்தபின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

முதலில் வேண்டியது எளிய இரத்தப் பரிசோதனையே. 100 மில்லி இரத்தத்தில் கால்சியம் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. வைட்டமின் டி குறைவும் சேர்ந்திருந்தால் இவ்வளவு இயல்பாகத் தோன்றி ஏமாற்றக்கூடும். ஆகவே பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் பார்க்கிறோம்.

கட்டியை அகற்றுவதே முதன்மையான சிகிச்சை. 1925இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் ஒரு டிராம் ஊழியருக்கு இதைச் செய்தார். எலும்பு வலி தணிந்தது. எனினும் சில ஆண்டுகளில் நோய் மீண்டது. தொடர் கண்காணிப்பு ஏன் தேவை என்பதற்கு அதுவே சான்று. இன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறையே இயங்குகிறது.

அறுவைக்குப் பின் எலும்பு, இழந்த கால்சியத்தை இரத்தத்திலிருந்து வேகமாக உறிஞ்சும். உதட்டைச் சுற்றியோ விரல்களிலோ மதமதப்பு, தசைப்பிடிப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அப்போது கால்சியம் மாத்திரை இன்றியமையாதது, தாமாக நிறுத்தலாகாது. எலும்பு மாதக்கணக்கில் வலுப்பெறும். வளைந்த கால்களுக்குப் பின்னர் எலும்பியல் சிகிச்சை தேவைப்படலாம். இளவயதில் இந்நோய் வந்தால் பரம்பரைக் காரணம் உண்டா என அறியக் குடும்பத்தினரையும் பரிசோதிக்கச் சொல்கிறோம்.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: வலி வாரக்கணக்கில் நீடித்தால், மாத்திரை வாங்குமுன் இரத்தத்தில் கால்சியத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள்.