திராட்சை ஜாடியும் கலால் சட்டமும்

டிசம்பர் வந்தால் கொல்கத்தாவின் போ பாரக்ஸ் குடியிருப்பு பத்திரிகைகளில் இடம்பிடித்துவிடும். அங்குள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கேக்கும் வீட்டு வைனும் அவ்வளவு பிரபலம். அதைப் படித்துவிட்டு அதே நகரின் அலிப்பூரில் அடுக்ககத்தில் இருக்கும் ஒருவர், ‘நாமும் ஒரு ஜாடி போட்டுப் பார்த்தால் என்ன?’ என்று நினைப்பதில் வியப்பில்லை. இரண்டு கிலோ கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட், பட்டை, கிராம்பு இருந்தால் போதும். செய்முறையோ கைபேசியிலேயே கிடைக்கிறது. அந்தச் செய்முறை சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: இதற்கு யாரிடமாவது உரிமம் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டும். மேற்கு வங்கத்தில் இன்றும் நடப்பில் இருப்பது 1909-ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டம். அதன்படி உரிமம் இல்லாமல் மதுவகை எதையும் தயாரிக்கக் கூடாது. சாராயம், பீர் போலவே வைனும் இதில் அடக்கம். ‘விற்பதற்கில்லை சார், வீட்டில் குடிக்கத்தான்’ என்ற பதிலுக்கு இங்கே மதிப்பில்லை, ஏனென்றால் தயாரிப்பதே குற்றம். அந்த நோக்கத்தோடு பாத்திரமும் கருவியும் வைத்திருப்பதும் சட்டத்தின் பிடிக்குள் வரும். பழங்குடி மக்கள் வீட்டுத் தேவைக்குப் பச்வை என்னும் அரிசி மது காய்ச்சிக்கொள்ளக் காலனிக் காலத்திலிருந்தே சலுகை இருந்துவருகிறது. பொழுதுபோக்காக வைன் போடும் நகரவாசிக்கு, இத்தனை லிட்டர் வரை பரவாயில்லை என்று அப்படி ஒரு விலக்கு கிடையாது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் பார்க்கும் காணொலிகள்தான். அவற்றில் பல அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வைன் வரை வரியில்லாமல் செய்துகொள்ள மத்திய சட்டமே இடம் தருகிறது. அந்தத் தைரியத்தில் அவர்கள் பேசுகிறார்கள். நம் நாட்டில் மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். மேகாலய அமைச்சரவை 2020-இல் வீட்டுப் பழ வைன் தயாரிப்பைச் சட்டபூர்வமாக்க முடிவெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் கேரளக் கலால் துறை, கிறிஸ்துமஸ் வைனை வீட்டில் செய்வதும் குற்றமே என்று சுற்றறிக்கை விட்டுப் பலரைத் திடுக்கிட வைத்தது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டு வைன் புட்டியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக நினைப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மது வியாபாரம் எவருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் 1994-இலேயே சொல்லிவிட்டது.

போ பாரக்ஸில் நடக்கிறதே என்று கேட்கலாம். ஒரு சமூகத்தின் பண்டிகைப் பழக்கத்தை அதிகாரிகள் கண்டும் காணாமல் விடுவது வேறு, சட்டம் அனுமதிப்பது வேறு. கண்டுகொள்ளாமல் இருந்தவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் எப்படியோ, யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால் மேகாலயம் போன வழியே நியாயமானது. வீட்டு உபயோகத்துக்கு ஓர் அளவை வரையறுத்து, விற்பனையை மட்டும் கடுமையாகத் தடுக்கலாம். ஆனால் சட்டம் மாறும் வரை உள்ள சட்டம் இதுதான்.

இனி உடம்புக்கு வரும் ஆபத்து. வீட்டு வைன் என்றதும் ‘கண் போய்விடும்’ என்று பயப்படுகிறோம். அந்தப் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் சிதையும்போது மெத்தனால் உண்டாவது உண்மை. ஆனால் வெறுமனே புளிக்கவைத்த பழ வைனில் அது மிகச் சிறிய அளவே. வைனைக் காய்ச்சி வடிக்கத் தொடங்கினால் கதை வேறு. வடித்தலின் தொடக்கத்தில் வரும் பகுதியில் மெத்தனால் சேரக்கூடும். ‘இன்னும் கொஞ்சம் காரமாக வரட்டுமே’ என்று குக்கரில் குழாய் பொருத்திப் பார்க்கும் விளையாட்டு ஒருபோதும் வேண்டாம். ஆவி தீப்பிடிக்கும் அபாயமும் அதில் உண்டு.

கூட்டம் கூட்டமாக உயிரைக் குடிப்பது தொழிற்சாலை மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். அலிப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு 24 பர்கானா மாவட்டத்துக்கு இது தெரியாத பாடம் அல்ல. 2011 டிசம்பர் நடுவில் சங்க்ராம்பூர், மக்ராஹாட் பகுதிகளில் ‘சோலாய்’ என்னும் கள்ளச்சாராயத்தைக் குடித்த 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் வேலை முடிந்து குடித்த கூலித் தொழிலாளர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் அவர்களில் அதிகம். முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது அலிப்பூர் நீதிமன்றம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இதே மெத்தனால்தான்.

மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. அறிகுறி உடனே தெரியாது. பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோகூட ஆகலாம். வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்முன் பனி மூடியதுபோன்ற மங்கல் ஆகியவற்றை ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டால் விடியும்போது பார்வையோ உயிரோ இருக்காது. எலுமிச்சைச் சாறு, மோர் எதுவும் உதவாது. உடனே 112-ஐ அழைத்து, டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அலிப்பூர்க்காரர்களுக்கு எஸ்.எஸ்.கே.எம். எனப்படும் பி.ஜி. மருத்துவமனை கூப்பிடு தூரம். போலீஸுக்குப் பயந்து என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முறிமருந்து காத்திருக்கிறது, ஆனால் நேரம் காத்திருக்காது.

வீட்டு வைனில் நிஜமாகவே நடக்கும் விபத்து இன்னொன்று: புட்டி வெடிப்பது. 100 கிராம் சர்க்கரை முழுதும் புளித்தால் ஏறத்தாழ 25 லிட்டர் கரியமில வாயு வெளிவரும். புளிப்பு அடங்கிவிட்டது என்று நினைத்து மூடி போட்டு வைத்த வைனில் லிட்டருக்கு 24 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன் சர்க்கரை மிஞ்சியிருந்தாலே போதும். அது தொடர்ந்து புளித்து, ஷாம்பெய்ன் புட்டிக்குள் இருக்கும் அளவுக்கு, சுமார் 6 வளிமண்டல அழுத்தத்தை எட்டிவிடும். ஷாம்பெய்ன் புட்டி அதைத் தாங்கவென்றே தடித்த கண்ணாடியில் வார்க்கப்படுகிறது. பழைய ஸ்குவாஷ் பாட்டில் அப்படி அல்ல. கொல்கத்தாவின் சித்திரை, வைகாசி வெக்கையில் ஈஸ்ட் தறிகெட்டு வேலை செய்யும். இன்னும் சூடேறினால் செத்தும் போகும். காற்றுப் பட்டால் வைன் வினிகராகும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரத்தில் போட்டால் பழப்புளிப்பு உலோகத்தைக் கரைத்து இழுக்கும். காரீயப் பூச்சுள்ள பழைய ஜாடி அதைவிட மோசம்.

பரிசாகக் கொடுப்பதிலும் விவகாரம் இருக்கிறது. நீங்கள் கொடுத்ததைக் குடித்து ஒருவர் இறந்து, உங்கள் கவனக்குறைவே காரணம் என்றானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. இன்ஸ்டாகிராமில் ‘ஆர்டர் எடுக்கிறோம்’ என்று படம் போடுபவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயார்செய்து தருகிறார்கள். இந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவும் முடியாது.

ஒருவேளை கலால் அதிகாரிகள் கதவைத் தட்டிவிட்டால்? பதறி ஜாடியைச் சாக்கடையில் கவிழ்ப்பது தடயத்தை அழித்த இன்னொரு குற்றச்சாட்டில் முடியலாம். முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். அதிகாரி போல வந்து பணம் கேட்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். சோதனை அக்கம்பக்கத்துச் சாட்சிகள் முன்னால் நடக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் ஒரு நகல் உங்களுக்கு உரியது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்களுக்கு எதிராக வாக்குமூலம் தர உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. வீட்டு வைன் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைவேலை என்பதால் இதைச் சொல்கிறேன். லஞ்சம் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அது தனி வழக்கு.

பண்டிகைக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால் ஆங்கிலோ இந்தியச் சமையலறையிலேயே சட்டச் சிக்கலில்லாத வழி இருக்கிறது: இஞ்சி வைன். நசுக்கிய இஞ்சி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, சர்க்கரை எல்லாவற்றையும் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து ஆறவைப்பது. ஈஸ்ட் போடுவதில்லை, புளிக்க விடுவதில்லை, ஆகையால் போதையும் இல்லை. தொண்டைக்குள் இறங்கும்போது எரியும் எரிச்சல் மட்டும் அசல். குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் தானாகப் புளிக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே வழக்கில் மாட்டியிருப்பவர்கள் தரகர்களிடம் போக வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் அலிப்பூர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 15100.