ஓசை அடங்கிய விசைப்பலகை

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் வாசலைக் கடந்து சென்றவர்களுக்கு அந்தச் சடசடப்பு நினைவிருக்கும். அந்த ஓசைக்கு ஒரு நியாயம் உண்டு. எழுத்து பொறித்த உலோகக் கம்பி மைநாடாவின் மீது மோதி, காகிதத்தை உருளையோடு அறைந்தால்தான் எழுத்துப் பதியும். கணிப்பொறியின் விசைப்பலகைக்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. இரண்டு சிறு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டாலே எழுத்து திரையில் தோன்றிவிடும். அப்படியிருக்க, மெக்கானிகல் விசைப்பலகைகள் ஏன் இவ்வளவு சத்தமிடுகின்றன?

ஒரே அறையில் தம்பி தங்கைகள் உறங்க, இரவில் புரோகிராம் எழுதும் மாணவருக்கும், விடுதியில் நால்வரோடு தங்கியிருப்பவருக்கும் இது அன்றாடத் தொல்லை. உதிரி பாகங்களை வாங்கி விசைப்பலகையைத் தாமே கட்டிக்கொள்வோர் இன்று பலர். விலை உயர்ந்த ஸ்விட்சுகளைப் பொருத்திய பிறகும் ஓசை குறையவில்லையே என்று அவர்களில் சிலர் அங்கலாய்ப்பதுண்டு. ஓசை எங்கே பிறக்கிறது, எவ்வழியே காதுக்கு வருகிறது என்பவற்றைத் தனித்தனியே ஆராயாததே காரணம். (இயற்பியல் பாடத்தில் 'விசை' என்றால் வேறு. இக்கட்டுரையில் அது விரல் படும் பொத்தானையே குறிக்கும்.)

ஸ்விட்சு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். என்ற அமைப்பே இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் சீனத் தொழிற்சாலைகள் பலவும் அதே அளவில் ஸ்விட்சுகளைச் செய்கின்றன. ஒரு பிளாஸ்டிக் கூடு, அதனுள் மேலும் கீழும் நகரும் தண்டு, தண்டைத் தாங்கும் சுருள்வில், பக்கத்தில் இரு மெல்லிய உலோகத் தகடுகள். இவ்வளவுதான். சிவப்பு நிற வகையில் தண்டு 2 மில்லிமீட்டர் இறங்கியதும் மின்தொடர்பு ஏற்படுகிறது. அதற்கு 45 கிராம் பளு போதும். ஆனால் நம் விரல் அங்கே நிற்பதில்லை. தண்டு மேலும் 2 மில்லிமீட்டர் இறங்கி, கூட்டின் அடியில் போய் மோதுகிறது. இது முதல் ஓசை.

இரண்டாவது ஓசையைப் பலர் கவனிப்பதே இல்லை. விரலை எடுத்ததும் சுருள்வில் தண்டை மேலே எறிகிறது. தண்டு கூட்டின் மேல்பாகத்தில் இடித்து நிற்கிறது. அந்த இடி எவ்வளவு வலிது? சராசரி 45 கிராம் பளு 4 மில்லிமீட்டர் தூரம் அழுத்தியது என்று கொண்டால், வில்லில் சேர்ந்த ஆற்றல் ஏறத்தாழ 0.0018 ஜூல். தண்டும் அதன் மேலுள்ள மூடியும் சேர்ந்து ஒன்றரை கிராம் என்று வைத்து, உராய்வை ஒதுக்கிவிட்டால், விரல் சட்டென்று விலகும்போது தண்டு வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் மேலே இடிக்கும்! ஐயமிருந்தால் ஒரு விசையை மிக மெதுவாக, ஓசையின்றி அடிவரை அழுத்துங்கள். பிறகு விரலைப் பக்கவாட்டில் வழுக்கி விடுங்கள். 'டக்' என்று கேட்கும். மெதுவாகத் தட்டுங்கள் என்று சொல்லும் அறிவுரை பாதிதான் பயன்படும் என்பது இதனால் விளங்கும்.

நீல நிற ஸ்விட்சில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 'கிளிக்' என்று ஒலிப்பதற்கென்றே ஒரு துண்டை அதனுள் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது வேண்டவே வேண்டாம்.

வெண்கலப் பானையை வெறும் தரையில் வைத்தால் 'ணங்' என்று ஒலிக்கும். பிரிமணையின் மேல் வைத்தால் ஒலிக்காது. மோதல் நடக்கும் நேரம் நீண்டுவிடுவதே காரணம். மோதல் எவ்வளவு குறுகிய நேரத்தில் முடிகிறதோ, அவ்வளவுக்கு உயர்ந்த அதிர்வெண்கள் அதில் பிறக்கும். நம் காதோ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கு மிகவும் கூர்மையானது. மோதலைச் சற்றே நீட்டிவிட்டால் அந்தக் கீச்சொலிகள் முதலில் மறையும். ஓசையற்ற ஸ்விட்சுகளில் தண்டின் மேலும் கீழும் ரப்பர் போன்ற மெத்தைகள் இருப்பது இதற்காகத்தான். செர்ரியின் ஓசையற்ற சிவப்பு வகையில் தண்டின் பயணம் 4 மில்லிமீட்டரிலிருந்து 3.7 ஆகக் குறைந்துவிடுகிறது. அடியில் தொடும்போது விரலுக்குச் சற்று 'மெத்' என்றிருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. வாங்குமுன் ஒன்றிரண்டை அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

பிறந்த ஓசை இனி என்ன செய்கிறது? இசைக்கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் அருகிலிருப்பவருக்கும் சரியாகக் கேட்காது. அதன் காம்பை மேசையில் ஊன்றினால் வகுப்பு முழுதும் கேட்கும். விசைப்பலகையின் உள்ளீடற்ற பெட்டியும், அதன் அடியிலுள்ள மேசையும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. வீணைக்குக் குடம் எப்படியோ, ஸ்விட்சுக்குப் பெட்டி அப்படி. இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். விசைப்பலகையின் அடியில் நான்காக மடித்த துண்டு ஒன்றை விரித்துவிட்டுத் தட்டுங்கள். ஓசை கணிசமாகக் குறைந்தால் குற்றவாளி மேசைதான். கனமான விரிப்பு ஒன்றோடு செலவு முடிந்தது.

குறையாவிட்டால் பெட்டியைக் கவனிக்க வேண்டும். ஸ்விட்சுகள் செருகப்பட்ட தகட்டைப் பெட்டியோடு திருகிவிட்டால் ஒவ்வொரு மோதலும் நேரே பெட்டிக்குப் போகும். ஆகவே திருகாமல், மெத்தென்ற பட்டைகளுக்கு நடுவே தகட்டைத் தொங்கவிடும் பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைப்பதும் இதே தத்துவந்தான். பெட்டிக்குள் நுரைத்தாளை நிரப்புவது மற்றொரு வழி. ஆனால் நுரை ஒலியை அப்படியே விழுங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒலியை நன்றாக உறிஞ்ச, அலைநீளத்தில் கால்பங்கு கனம் வேண்டும். 5000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 1.7 சென்டிமீட்டர், 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 17 சென்டிமீட்டர்! அவ்வளவு கனத்துக்கு விசைப்பலகையில் இடமேது? மெல்லிய நுரை செய்வது வேறு வேலை: உள்ளே உள்ள வெற்றிடத்தைக் குறைக்கிறது, தகட்டைத் தொட்டு அதன் அதிர்வை அடக்குகிறது. மிருதங்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாற்போல.

இவ்வளவும் செய்த பிறகு இடைவெளி விசை மட்டும் தனியே கலகலக்கும். நீண்ட விசைகள் ஒருபுறம் சாயாதிருக்க அவற்றின் அடியில் ஸ்டெபிலைசர் என்ற எஃகுக் கம்பி உண்டு (வீட்டில் மின்னழுத்தத்துக்கு வைப்பது அல்ல!). கம்பி தன் பிளாஸ்டிக் துளையில் ஆடுவதே அந்தக் கலகலப்பு. அங்கே சிறிது கெட்டியான கிரீஸ் இட்டால் அடங்கிவிடும். ஸ்விட்சின் தண்டு உராயும் பக்கங்களிலும் மெல்லப் பூசலாம். உலோகத் தகடுகளின் மேல் படக்கூடாது. தேங்காய் எண்ணெயை எடுக்க எண்ணுகிறீர்களா? அது 24 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும், நாளடைவில் பிசுக்கேறும். தையல் இயந்திர எண்ணெய் வழிந்தோடிவிடும். சிலவகைப் பிளாஸ்டிக்கை விரிசல் காணவும் செய்யும். இதற்கென்றே ஃப்ளோரின் சேர்ந்த செயற்கைக் கிரீஸ்கள் விற்கின்றன. சிறு குப்பி ஒன்று பல பலகைகளுக்கு வரும்.

ஓசை குறைந்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு, கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் சவ்வு விசைப்பலகையே மலிவான வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு விசையையும் தனியே கழற்றி மாற்றலாம், விரலுக்கு ஏற்ற வில்லைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காகத்தான் மற்றதைக் கட்டுகிறோம். முதன்முறை கட்டுவோர் ஸ்விட்சுகளை ஈயப்பற்று இல்லாமல் செருகிக் கழற்றக்கூடிய மின்சுற்றுப் பலகையை வாங்குவது உத்தமம். செருகும்போது கால்கள் மடங்கிவிடுவது சகஜம். ஆகவே பெட்டியை மூடுமுன் கணிப்பொறியில் இணைத்து எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மூடும்போது திருகுகளை மிகவும் இறுக்க வேண்டாம். உள்ளே உள்ள மெத்தைப் பட்டைகள் நசுங்கிவிட்டால், தகட்டைப் பெட்டியோடு திருகியதும் இதுவும் ஒன்றாகிவிடும்.