சீஸ் செய்யும் பாக்டீரியா பசுவுக்கு மருந்தாகுமா?

பசுவின் மடி வெளியே ஒரே பையாகத் தெரியும். உள்ளே நான்கு தனித்தனி அறைகள் உண்டு, தெரியுமா? ஓர் அறையின் பால் அடுத்த அறைக்குப் போகாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு காம்பு. காம்பின் நுனியில் சின்னஞ்சிறு துளை.

பால் வெளியே வரும் அந்தத் துளை வழியாகவே கிருமிகள் உள்ளே நுழைகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே பெருகினால் மடி வீங்கும், சூடாகும், வலிக்கும். பால் திரிதிரியாக வரும். தொட்டாலே பசு உதைக்கும். பாவம், அவ்வளவு வலி! இதுதான் மடிநோய்.

கால்நடை மருத்துவர்கள் காம்புத் துளை வழியே ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்துவார்கள். அது பல மாடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மருந்து பாலிலும் கலந்துவிடும். அது நீங்கும்வரை அந்தப் பாலைக் குடிக்கவோ விற்கவோ கூடாது. ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தால், அதற்கு அசைந்துகொடுக்காத கிருமிகளும் பெருகும்.

வேறு வழி தேடினார்கள் அயர்லாந்து விஞ்ஞானிகள். அவர்கள் கையில் எடுத்தது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா. பாலைப் புளிக்கவைத்து சீஸ் செய்ய உதவும் இனம் இது. அவர்கள் தேர்ந்தெடுத்த வகை, லாக்டிசின் 3147 என்ற பொருளைச் சுரக்கும். அதில் இரண்டு சிறு புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று எதிரிக் கிருமியின் உறையைப் பற்றிக்கொள்ளும். மற்றொன்று அதோடு சேர்ந்து ஓட்டை போடும். கிருமி செத்துவிடும்.

மடிநோய் வந்த 50 பசுக்களிடம் சோதித்த முடிவு 2008-இல் வெளியானது. 25 பசுக்களுக்கு உயிருள்ள பாக்டீரியா, 25 பசுக்களுக்கு ஆன்டிபயாடிக். பாக்டீரியா பெற்றவற்றில் 15 பசுக்களுக்கும், ஆன்டிபயாடிக் பெற்றவற்றில் 18 பசுக்களுக்கும் நோயின் அறிகுறிகள் மறைந்தன. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் மூன்று பசு வித்தியாசத்தை வைத்து எது மேல் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றே விஞ்ஞானிகள் கண்டார்கள்.

இதில் இன்னொரு வியப்பு! கிருமியை நேராகக் கொல்வதோடு நல்ல பாக்டீரியாவின் வேலை முடியவில்லை. அது மடிக்குள் போன சில மணி நேரத்திலேயே, பசுவின் இரத்த வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வருகின்றன. 'திருடன், திருடன்!' என்று ஒருவர் கூவியதும் ஊரே கூடுவதைப் போல! அங்கே ஒளிந்திருந்த கிருமிகளையும் வெள்ளணுக்கள் விழுங்கத் தொடங்குகின்றன. பசுவின் உடலுக்குள் இருக்கும் படையையே தட்டி எழுப்பும் வைத்தியம் இது.

அதற்காக வீட்டுத் தயிரை மடிக்குள் செலுத்திப் பார்க்கக் கூடாது! ஆய்வகத்தில் தூய்மையாக வளர்த்த, சோதித்தறிந்த ஒரே வகையைத்தான் விஞ்ஞானிகள் பயன்படுத்தினார்கள். மடி வீங்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. பால் கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துளை முழுதாக மூடாமல் இருக்கும். அந்த நேரத்தில் பசு சாணத்தில் படுத்தால் கிருமி எளிதாக நுழையும். கறந்து முடித்ததும் தீவனம் வையுங்கள். பசு நின்றபடியே தின்னும், துளையும் மூடிக்கொள்ளும்.